அக்காவுக்கு வந்த புதுக் கூடை

எங்கள் அப்பா தம்முடைய நாற்பத்தாறாவது வயதில் சுதந்திர மனிதரானார். பதினோரு மாதம் அப்படியே இருந்தார். அந்தப் பதினோரு மாதமும் அவர் எந்தக் கங்காணிக்கும் பயந்து எழுந்ததில்லை என்பதை மட்டும் இன்றும் பெருமையாகச் சொல்லுவேன். மிச்சம் அவ்வளவு பெருமையானதல்ல.

எழுபதுகளின் கடைசி. எனக்கு எட்டு வயது. மலேசியாவில் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் அப்பாவுக்குக் கவ்வாத்து வேலை, அதாவது வளர்ந்த தேயிலைச் செடிகளை முட்டி உயரத்துக்கு வெட்டிவிடுவது. அம்மா கொழுந்து பறித்தாள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. செக்ரோல் என்கிற வேலைப் பதிவில் யார் பேர் இருக்கிறதோ அவர்களுக்குத்தான் லயத்து வீடு, தோட்டம் கொடுக்கும் வரிசை வீடு. பேர் போனால் வீடும் போகும். நான் பிறந்த வீடு, என் பிள்ளைகள் பிறந்த வீடு என்று யாரும் வாயைத் திறக்க முடியாது.

பிரிஞ்சாங் ஊரைத் தாண்டி ஒரு மலைச் சரிவில் அப்பாவுக்கு நிலம் வாடகைக்குக் கிடைத்தது. கோஸ் பயிரிடப் போவதாகச் சொன்னார். அம்மா தடுக்கவில்லை.

"நீங்க போங்க. என் பேரு மட்டும் இருக்கட்டும். வீடாவது தங்கும்ல" என்றாள்.

அப்பாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் சொந்தமா தோட்டம் போட்டுட்டு, என் பொண்டாட்டி கங்காணிகிட்ட ஏச்சு வாங்கணுமா? அசிங்கம் லா!"

ஆபீசில் பேரெழுதும் கிராணியார், "ரெண்டு பேரு பேரையும் வெட்டிடவா? நல்லா யோசிச்சுக்கய்யா" என்று கேட்டாராம். வெட்டுங்கள் என்றாராம் இவர். அதோடு நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவின் முதுகுக் கூடையைக் கத்தியால் துண்டு துண்டாக வெட்டி வெந்நீர் அடுப்பில் வைத்தார். பிரம்பு படபடவென்று எரிந்தது. அக்காவும் நானும் கைதட்டிக் குதித்தோம். அம்மா அந்த வெந்நீரை எங்களுக்கு ஊற்றிவிட்டாள்.

லயத்து வீட்டைக் காலி செய்து அந்தச் சரிவிலேயே குடிசை போட்டோம். முதல் விளைச்சல் லோரி ஏறியது. அன்று அப்பா காலை பத்து மணிக்குக் காலை நீட்டி உட்கார்ந்து கோப்பி குடித்தார். தோட்டத்தில் அந்த நேரத்துக்கு உட்கார்ந்தால் அரைப்பேர் போட்டுப் பாதிக் கூலியை வெட்டிவிடுவார்கள். "இனிமே இஷ்டம்னா செய்வோம். இல்லன்னா மாட்டேன்னு சொல்லுவோம்" என்றார். அக்கா தானா ராத்தா பள்ளிக்கூடத்தில் படிவம் நான்கு, அதாவது பத்தாம் வகுப்பு படித்தாள். கணக்கில் கெட்டிக்காரி. அவளை டீச்சராக்குவதாகவும் அன்றே முடிவாகிவிட்டது.

இரண்டாம் தடவை நட்ட கோஸ் வெயில் ஏறியதும் துவண்டது. பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் இஞ்சிபோல முண்டும் முடிச்சுமாக இருந்தது. பக்கத்து நிலத்துச் சீனர், மண்ணில் சீக்கு இருக்கிறது, இனிப் பல வருஷத்துக்கு இதில் கோஸ் வராது என்று மலாயில் சொல்லிப் பார்த்தார். அப்பா கேட்கவில்லை. அவர் வாழ்க்கையெல்லாம் தேயிலையோடு பழகியவர். தேயிலையை எவ்வளவு வெட்டினாலும் மறுபடி துளிர்த்துவிடும். எல்லாச் செடியும் அப்படித்தான் என்று நம்பி, கையில் இருந்ததையெல்லாம் போட்டு அதே மண்ணில் மறுபடியும் கோஸையே நட்டார். அதுவும் துவண்டது. அப்பா வரப்பில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்தபோது, தூசு விழுந்துவிட்டது என்று நினைத்து நான் போய் ஊதிவிட்டேன்.

பிறகு நால்வரும் கிராணியார் முன்னால் போய் நின்றோம். அவர் நல்ல மனிதர்தான்.

"இந்த வயசுல புதுசா பேர் பதிய துரை ஒத்துக்க மாட்டாருய்யா. ரெண்டு பேருக்கும் கான்ட்ராக்ட்ல வேலை போடலாம். ஆனா அதுக்கு வீடு கெடையாது" என்றார். கொஞ்ச நேரம் மேசையைப் பார்த்தார். அப்புறம் அக்காவைப் பார்த்தார். "பாப்பாவுக்கு என்னா வயசு?"

மாட்டேன் என்று சொல்வதற்காகவே தோட்டத்தை விட்டுப் போன மனிதர் அப்பா. நாலு மாதம் உட்கார்ந்து சாப்பிடக் கையில் இருந்திருந்தால் அன்றைக்குச் சொல்லியிருப்பார். இல்லாதவனுக்கு அந்த ஒரு வார்த்தைகூடச் சொந்தமில்லை என்பது இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

"பதினாறு" என்று அக்காவே சொன்னாள்.

அக்கா பேரில் கடைசி லயத்தில் வீடு கிடைத்தது. ஸ்டோரிலிருந்து அக்காவுக்குப் புதுக் கூடை வந்தது. அப்பா வாசற்படியில் உட்கார்ந்து அதன் தோள்வாரை அவள் அளவுக்குச் சுருக்கினார். முடிச்சு நிற்கவே இல்லை. அவிழ்த்து அவிழ்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கோ பொறாமை தாங்கவில்லை. அவளுக்கு மட்டும் புதுக் கூடையா என்று தரையில் புரண்டு அழுதேன்.

அக்கா என்னைத் தூக்கி நிறுத்தி, தன் பள்ளிக்கூடப் பையை என் தோளில் மாட்டிவிட்டாள். "இது ஒனக்குத்தான்டி. அழாத."

இரண்டு பக்கிள் வைத்த பெரிய பை. எனக்கு அதைவிட என்ன வேண்டும்! லயம் முழுக்க ஓடி எல்லோரிடமும் காட்டிவிட்டு வந்தேன். உள்ளே அவளுடைய கணக்கு நோட்டு பாதி எழுதியபடி இருந்தது. மீதி வெள்ளைப் பக்கங்களில் பூனை பூனையாக வரைந்து, மறுநாள் மலையிலிருந்து அவள் இறங்கி வந்ததும் காட்டினேன்.

கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தாள். நல்லா இருக்கு என்றாள்.