சட்டியில் நின்ற செங்கல்

ஒரு பாண்டு சட்டி நிறையக் களிமண். அதன் மேல் நெட்டுக்குத்தலாக ஒரு செங்கல். பக்கத்தில் ஒரு கருங்கல் பலகை, அதன் மேலும் அதேபோல ஒரு செங்கல். எண்பதுகளின் தொடக்கத்தில், திருவண்ணாமலையில் ஓர் அறக்கட்டளையின் கூட்ட அறையில், பளபளக்கும் மேஜை மேல் எங்கள் மேடம் இவற்றை வைத்ததையும் அதற்குக் கிடைத்த சிரிப்பையும் நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

மேடம் கட்டட இன்ஜினியர். நான் அவரிடம் படம் வரைகிறவன். வெளியூர்ப் பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்க மூன்று மாடி விடுதி கட்டித் தரச் சொல்லி அறக்கட்டளை எங்கள் முதலாளியிடம் வந்திருந்தது. இடமோ தூர்த்துப்போட்ட குளம். தோண்டிப் பார்த்தால் ஆள் உயரத்துக்கும் கீழே வரை சொதசொதவென்று களிமண். நிலநடுக்கம் வந்தாலும் தாங்கும்படி கெட்டித் தரை வரை தூண்களை இறக்க வேண்டும், அடியில் அவற்றை ஒன்றோடொன்று பிணைக்க வேண்டும், முடியாவிட்டால் தரைத்தளத்தோடு நிறுத்த வேண்டும் என்று மேடம் சொன்னார். அறக்கட்டளைத் தலைவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மலையே பாறை, இந்த ஊரில் பூமி எங்கே ஆடப்போகிறது என்பது அவர் கட்சி. அதனால்தான் மேடம் சட்டியோடு போனார்.

மேஜையை உள்ளங்கையால் ஓங்கித் தட்டினார். கருங்கல் மேல் இருந்த செங்கல் நின்றது. களிமண் மேல் இருந்தது ஆடிச் சாய்ந்தது. தெறித்த சேற்றைத் துண்டால் துடைத்தபடி தலைவர் கேட்டார்: “பூமி ஆடுமா, ஆடாதா? அத்த சொல்லும்மா.”

“அது எனக்குத் தெரியாதுங்க. ஆடினா இந்த மண்ணு ஜாஸ்தி ஆடும். கட்டடம் விழ எவ்ளோ வாய்ப்புன்னுதான் கணக்குப் போட முடியும். பொண்ணுங்க தூங்கற எடம், அந்த வாய்ப்பக் கம்மி பண்ணுங்கன்றேன்.”

“இது ஜோசியம்மா,” என்றார் தலைவர். அறையே சிரித்தது. சற்று முன்புதான் கடைக்கால் போட நாள் குறிக்க ஜோசியரை வரவழைத்து, அவர் சொன்னதற்கெல்லாம் பயபக்தியோடு தலையாட்டிக்கொண்டிருந்தார்கள் அத்தனை பேரும். அவரிடம் நிச்சயமா என்று ஒருத்தர் கேட்கவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொன்ன ஒரே மனுஷியைத்தான் அவர்களால் நம்ப முடியவில்லை. மூன்று மாடி வரைபடத்தில் மேடம் கையெழுத்துப் போட மறுத்தார். முதலாளி அவரை வேலையை விட்டு அனுப்பினார். வேறொருவர் வந்து, பேசாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

விடுதி இன்றும் நிற்கிறது. மேடம் சொன்னது பொய்த்துப்போனதற்கு ஊரில் அதையே சாட்சி காட்டுகிறார்கள். போன வருடம் கீழ்பென்னாத்தூரிலிருந்து என் தம்பி பேத்தி அங்கே சேர்ந்தாள், இரண்டாவது மாடி. பதறிக்கொண்டு ஓடினேன். பிற்பாடாவது அடியில் ஏதாவது பலப்படுத்தினார்களா என்று வார்டனிடம் கேட்டேன்.

“இத்தினி வருஷமா நிக்குது சார். என்னா ஆயிடுச்சு?” என்றார் அவர், சிரித்துக்கொண்டே. அதே சிரிப்பு.

பிள்ளையின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளோடு வெளியே வந்தேன். மேலே மற்ற பெண்கள் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். மேடம் தட்டும்வரை அந்தச் செங்கல்லும் நேராகத்தான் நின்றது.