டிலிஸ் என்ற பெயரின் பொருள்

லண்டனின் மிச்சம் பகுதியில் என் தங்கை வீட்டு வாசலில் நின்றால், தேவார ஒலிநாடாவுக்கு மேலாக, "டிலிஸ், அழாதையடி செல்லம்" என்று கேட்கும். வேல்ஸ் நாட்டுக் கிழவிகளின் பெயர், எங்கள் வீட்டுத் தொட்டிலில். தங்கையின் கணவன் யோகன் அதை வைத்த கதையைக் கேட்டால், ஊரில் இருக்கும் நீங்கள் உங்கள் சாத்திரிமாரை மன்னித்துவிடுவீர்கள்.

பிள்ளை பூர நட்சத்திரம். பெயர் 'டி'யில் தொடங்கவேண்டும் என்று எண்சாத்திரக்காரர் ஒருவர் தொலைபேசியில் தீர்ப்புச் சொன்னார். தமிழ்ச்சொல் எதுவும் டகரத்தில் தொடங்காது என்பது பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். லண்டனுக்கு வந்தபின் இலக்கணம் போய்விட்டது, எண்சாத்திரம் மட்டும் தங்கிவிட்டது. யோகன் இணையத்தில் தேடி டிலிஸைப் பிடித்தான். பொருள்? அதற்கும் ஆள் இருந்தார். பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள் விழாவில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒலிவாங்கியைப் பிடித்தார். "வெள்ளைக்காரன் எங்களிட்டைக் களவெடுத்த பேர் இது. திலம் எண்டால் எள்ளு. எள்ளுப்பூ மூக்குக்காரி!" திலம் வடசொல் என்பதுகூட அவருக்குத் தெரியாது. மண்டபம் கைதட்டியது. அடுத்த நிமிடம் எல்லோரும் கொத்துரொட்டிக்கு வரிசையில் நின்றோம்.

சில நாட்களில் பிள்ளையை நிறுக்க ஒரு தாதி வந்தாள். வேல்ஸ்காரி. பெயரைக் கேட்டதும் முகம் மலர்ந்து, "டிலிஸ்! ஜெனுயின்!" என்றாள்.

யோகன் வெளிறிப்போனான். மாடிக்கு ஓடி, பிறப்புச் சான்றிதழோடு மூச்சிரைக்க இறங்கினான். "ஜெனுயின், மேடம். ஒரிஜினல்!"

எனக்குச் சிரிப்பு வந்தது. தாதி பதறிப்போய் விளக்கினாள்: அது அவளுடைய மொழியில் சாதாரணச் சொல்லாம். பஸ் டிக்கெட்டில்கூட இருக்குமாம். நூறு வருடத்துக்கு முன்பே யாரோ அதைப் பிள்ளைக்கு வைக்க, பெயராகிவிட்டதாம். அவளுடைய பெரியம்மாவும் ஒரு டிலிஸாம்.

"என்னவாம் மச்சான்?" என்றான் யோகன்.

"உண்மையானது, செல்லுபடியானது எண்டு அர்த்தமாம்."

அவன் கையிலிருந்த சான்றிதழைக் குனிந்து பார்த்தான். என் சிரிப்பும் நின்றுவிட்டது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அவன் தன் சொந்தப் பெயரில், நடந்ததை நடந்தபடியே சொன்னான். ஜெனுயின் இல்லை என்று அகதி வழக்கு தள்ளுபடியானது. பிறகு ராஜரட்ணம் என்ற பெயரில், யாரோ எழுதிக்கொடுத்த கதையை மனப்பாடம் செய்து ஒப்புவித்தான். விசா கிடைத்தது. அன்றிலிருந்து கடையிலும் வங்கியிலும் மகளின் சான்றிதழிலும் அவன் ராஜரட்ணம். யோகன் என்று கூப்பிட நாங்கள் சிலர்தான்.

தாதி பிள்ளையைத் தராசிலிருந்து தூக்கி அவன் கையில் கொடுத்தாள்.

"ஆர் யூ ஓகே, மிஸ்டர் ராஜரட்ணம்?"

"யேஸ், யேஸ்," என்று அவளைப் பார்த்துத் தலையாட்டினான். பிறகு குனிந்து, பிள்ளையின் காதோடு வாயை வைத்து, "அப்பான்ர பேர் யோகநாதன்" என்றான்.