மாடித் தரையை மட்டமாக்கிய மும்தாஜ் டீச்சர்

கடலை வாங்கக் கடைத்தெருவில் நின்றிருந்தபோது டீச்சர் மகன் அன்வரின் போன் வந்தது. "அம்மா போயிட்டாங்க ஆண்ட்டி" என்றார். தங்கை வீட்டுக் கல்யாணத்துக்காக டீச்சர் அனந்தபுரம் போயிருந்தார். "எந்த பஸ்ல ஏறுனாங்க? கூட யாராச்சும் வர்றாங்களா?" என்று கேட்டேன். மறுமுனையில் அழுகை கேட்ட பிறகுதான் புரிந்தது. கல்யாணச் சாப்பாடு முடிந்து நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். கடலைக்காரர் பொட்டலத்தை நீட்டிக்கொண்டே இருந்தார். வாங்கினேனா என்று நினைவில்லை.

மும்தாஜ் டீச்சரைச் செஞ்சியில் பலருக்குத் தெரியும். பெண்கள் பள்ளியில் புவியியல் நடத்தியவர். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கணவர் காலமாகி, மகன் அன்வர் பெங்களூருக்குப் போன பிறகு என் வீட்டு மாடியில் குடியிருந்தவர். நான் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். எனக்கும் வீட்டில் யாருமில்லை. கீழே நான், மேலே அவர். கிரிக்கெட் நடக்கிற நாளில் மேலிருந்து வரும் கூச்சலிலேயே எனக்கு ஸ்கோர் தெரிந்துவிடும். திட்டுவேன். "இன்னா மங்கை, ஜெயிச்சா கூட கத்தக்கூடாதா?" என்பார்.

என் வீட்டு மாடி ஒரு கோணல் பிறவி. முன்பாதி, உத்திரத்தின் மேல் அடித்த பழைய மரப்பலகை. பின்பாதிப் பலகை உளுத்துப்போனதால் என் கணவர் அதைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட் போட்டார். இரண்டும் சேருமிடத்தில் பலகைப் பக்கம் கொஞ்சம் தாழ்வு. அதில்தான் டீச்சர் தடுக்கி விழுந்தார். கையில் கட்டோடு இருந்தவரைப் பார்க்க வந்த அன்வர், "இன்னொரு வாட்டி விழுந்தீங்கன்னா மூட்டையக் கட்டிக்கினு எங்கூட வந்துடணும், சொல்லிட்டேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டுப் போனார்.

டீச்சரும் போய்விட்டால் இந்த வீட்டில் நான் யாரோடு சண்டை போடுவது? டீச்சர் அசரவில்லை. "தரையை மட்டம் பண்ணிட்டா எவன் விழப்போறான்? ஆசாரியைக் கூப்புடு" என்றார்.

ஆசாரி சேகர் வந்தார். பலகைப் பக்கம் மரச்சட்டங்களைச் சீவி அடித்து உயரத்தைச் சரிக்கட்டினார். மேலே பிளைவுட் பரப்பினார். சேருமிடத்தில் மட்டும் ஒரு முழு ஷீட்டைக் குறுக்கே போட்டு, ஒரு பாதியைப் பலகையோடும் மறுபாதியைக் கான்கிரீட்டோடும் ஸ்க்ரூ போட்டு இறுக்கினார். "நடுவுல வெட்டுனா அசிங்கமா இருக்கும் டீச்சர். முழு ஷீட்டுதான் ஸ்ட்ராங்கு." நாங்களும் பெரிதாகத் தலையாட்டினோம்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. அந்த ஷீட் மட்டும் அப்பளம் மாதிரி உப்பி எழும்பியது. அன்வரோ தினமும் வீடியோ காலில் தரையைக் காட்டச் சொல்வார். டீச்சர் என்ன செய்தார் தெரியுமா? கட்டிலை இழுத்து அந்த மேட்டின் மேலேயே போட்டு, அதில் உட்கார்ந்து பேசினார். "ஏம்மா ஆடிக்கினே பேசறீங்க?" என்று மகன் கேட்க, "கீழ மங்கை மிக்சி போட்டிருக்காடா" என்றாரே பார்க்கலாம்! நான் வாயைப் பொத்திக்கொண்டு படியிறங்கி ஓடினேன்.

வெயில் வந்ததும் சேகரை மறுபடி வரவழைத்தார். "மரம் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். சிமெண்டு தேமேன்னு கெடக்கும். ரெண்டையும் ஒரே ஷீட்ல பூட்டுனா இன்னா ஆவும்? அது அது பாட்டுக்கு இருக்கட்டும், நடுவுல எடம் வுடு" என்றார். சேகர் முணுமுணுத்துக்கொண்டே ஷீட்டைச் சேருமிடத்துக் கோட்டிலேயே அறுத்தார். நடுவில் சிறு இடைவெளி விட்டு, அதை மூட ஒரு அலுமினியப் பட்டையை ஒரு பக்கம் மட்டும் முடுக்கினார். அதற்குப் பிறகு எத்தனையோ மழை பெய்தது. தரை எழும்பவில்லை. டீச்சரும் விழவில்லை. பெங்களூர்ப் பேச்சே நின்றுபோனது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

செஞ்சிக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். பெண்கள் கூடப் போகும் வழக்கமில்லை. தெரு திரும்பும் வரை பார்த்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன்.

பிறகு சாமான்களை எடுக்க வந்த அன்வர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "போன வருசம் கூட கூப்புட்டேன் ஆண்ட்டி. முட்டி வலி தாங்கல, அவங்களுக்கும் வரணும்னுதான் இருந்துச்சு. 'மங்கைக்குத் தனியா இருக்க பயம்டா. மேல நடமாட்டம் கேட்டாதான் தூங்குவா. நான் வரல'ன்னுட்டாங்க."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எனக்கா பயம்? யாரிடம் சொன்னேன்? சிங்கவரத்து அண்ணன் தன்னோடு வந்துவிடச் சொல்லும்போதெல்லாம், "டீச்சர் தனியா இருப்பாங்கண்ணா" என்றல்லவா நான் மறுத்துவந்தேன்!

வேன் போய்விட்டது. மாடியைப் பூட்டிவிட்டு வந்து கூடத்தில் உட்கார்ந்தேன். இருட்டுவதற்கு முன்பே எல்லா விளக்கையும் போட்டேன். டிவியையும் போட்டேன். ஊர்ப்பட்ட சத்தம். ஆனாலும் கதவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

பயம்தான் டீச்சர். உங்களிடம் மட்டும் ஒப்புக்கொள்கிறேன். இனி என்னைக் காக்க வேண்டாம். முட்டி வலியில்லாமல், நிதானமாக, நல்லபடியாகப் போய் வாருங்கள்.