ஜன்னல் திறந்த அடுப்படி

செய்தி வந்தபோது இராமநாதபுரம் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தேன். ரோஸ்லின் அக்காவின் தம்பி போனில் பேசினார். "அக்கா போயிருச்சும்மா. விடியக்காலம் நெஞ்சு வலிக்குதுன்னுச்சு. ஆட்டோவுல ஏத்திப் பாலந் தாண்டுறதுக்குள்ள..." பிறகு, "நேரா புது வீட்டுக்கு வந்துரு" என்றார். தங்கச்சிமடத்தில் அக்கா கட்டிக்கொண்டிருந்த அந்த வீட்டில் அடுப்படிக்கு மட்டும்தான் கூரை இருந்தது.

மாணவியர் விடுதியில் அவர் கையால் சாப்பிட்ட உங்களுக்கு ரோஸ்லின் அக்கா என்றால் சாம்பார். ஞாயிற்றுக்கிழமை முட்டை. அவர் தனக்காக ஆசைப்பட்டுச் சமைத்ததை உங்களில் யாரும் சாப்பிட்டதில்லை. நான் சாப்பிட்டிருக்கிறேன். இராமநாதபுரத்தில் அவரும் நானும் ஒரே வாடகை வீட்டின் கீழ்ப்பகுதியில் சேர்ந்து குடியிருந்தோம்.

அதற்கு முன் குவைத்தில் ஒரு வீட்டில் அவர் சமையல் வேலை பார்த்தார். கூட வேலை செய்தவர் லிசா என்ற பிலிப்பைன்ஸ் பெண். வீட்டார் சாப்பிட்டு மிஞ்சியதை இருவரும் நின்றபடியே சாப்பிடுவார்களாம். அப்போது லிசா தன் ஊர்ச் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவார். பன்றி வயிற்றுக்கறியைத் தோலோடு வேகவைத்து, ஈரம் போகக் காயவிட்டு, கொதிக்கும் எண்ணெயில் தோல் நொறுங்கப் பொரிப்பது. கூடவே பூண்டு வறுத்துப் போட்ட பழைய சோறு. குவைத்தில் பன்றிக்கறி கிடைக்காது. "கைய ஆட்டி ஆட்டிக் காத்துலயே பொரிச்சுக் காட்டுவா. நான் வாயில எச்சி ஊறி நிப்பேன். இம்புட்டு வருசம் அடுத்தவுக வாய்க்கே சமைச்சாச்சு. என் அடுப்படின்னு ஒண்ணு வேணும் புள்ள. நான் நெனச்சதை அங்கன சமைக்கணும்" என்பார் அக்கா. அந்த ஒன்றுக்காகத்தான் அவர் ஊர் திரும்பினார், விடுதியில் வேலைக்குச் சேர்ந்தார், சொந்த மண்ணில் செங்கல் அடுக்கினார்.

வாடகை வீட்டில் அது திருட்டுச் சமையலாகத்தான் நடந்தது. மாடியில் பன்றிக்கறி ஆகாத வீட்டுக்காரர்கள். ஜன்னல்களைச் சாத்திவிட்டு அக்கா முதலில் பூண்டைத்தான் வறுப்பார். "பூண்டு வாசம் மாடி ஏறட்டும், கறி வாசம் அதுக்குள்ள ஒளிஞ்சுக்கிரும்" என்பார். வேகவைத்த கறியை எண்ணெயில் விட்டதும் தோல் வெடிக்கும். குக்கர் மூடியை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு சண்டைக்கு நிற்பதுபோல் நிற்பார். ஒருநாள் வீட்டுக்காரம்மா மாடிப்படியில் நின்று கேட்டார்.

"என்ன ரோஸ்லினு, வெடி கணக்கா சத்தம்?"

"அப்பளம்க்கா."

"ரெண்டு பேருக்கு இம்புட்டு அப்பளமா?"

"இந்தப் புள்ள சோறு திங்காதுக்கா. அப்பளந்தான் திங்கும்."

நான் துப்பட்டாவை வாயில் திணித்துச் சிரிப்பை அடக்கினேன். சிரிப்பு அடங்கியபின் எனக்குக் கோபம் வந்தது. வாடகை கொடுக்கும் வீட்டில், சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய கறியை, ஏன் ஒளித்துச் சமைக்க வேண்டும்? முதுகுளத்தூர்ப் பக்கம் இருக்கும் என் அய்யாவும் இந்த வீட்டுக்காரர் மாதிரிதான். தட்டில் என்ன கறி என்று பார்த்து ஆளின் சாதியைக் கணக்குப் போடுகிறவர்.

நாங்கள் பிடிபட்டது வாசத்தாலும் இல்லை, சத்தத்தாலும் இல்லை. அக்கா கருவாட்டுக் குடும்பத்துப் பெண். உப்புப் போட்ட எதையும் வெயிலில் வைப்பது அவர் கைக்குத் தானாக வரும் வேலை. முந்தைய தடவை தோல் சரியாக நொறுங்கவில்லை என்று, வெந்த கறித்துண்டில் உப்பைத் தேய்த்து, கருவாடு காயப்போடுவதுபோல் மொட்டைமாடியில் வலை மூடிக் காயவைத்துவிட்டார். காக்கைக்குப் பயந்தவர், துணி எடுக்க வந்த வீட்டுக்காரரை மறந்துவிட்டார்.

"என்னம்மா இது?"

"கறி."

"என்ன கறி?"

அக்கா பொய் சொல்லவில்லை. "பன்னி" என்றார்.

அந்த மாதமே காலி செய்யச் சொன்னார்கள். நாங்கள் சாமான் கட்டிக்கொண்டிருக்கும்போதே மாடியைக் கழுவிவிட்டார்கள். நான் சத்தம் போடப் போனேன். அக்கா கையைப் பிடித்து இழுத்தார். "விடு புள்ள. கழுவுனா மாடிதான் தேயும்."

நான் வேறொரு பெண்கள் விடுதிக்குப் போனேன். அக்கா கூரையில்லாத சொந்த வீட்டுக்குப் போனார். கொத்தனாரிடம் அடுப்படியை முதலில் முடிக்கச் சொன்னார். "படுக்க ரூம்பு வேணாமா தாயி?" என்று அவர் கேட்டதற்கு, "அடுப்பு பக்கத்துலயே படுத்துக்கிறேன். நீ ஜன்னலைப் பெருசா வையி" என்றாராம். அப்படியே படுத்தார். விடியும் முன் பேருந்து பிடித்து மாணவியர் விடுதிக்கு வந்து இட்லி அவித்தார், இருட்டியபின் திரும்பிப் போனார். ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை என்று விடுதியில் இப்போது பாராட்டுகிறார்கள். அந்த அலைச்சல்தான் அவரைத் தின்றது என்று நான் சொல்கிறேன்.

அந்த அடுப்படியில் ஒரே ஒரு முறை அவரோடு சாப்பிட்டேன். ஜன்னல் முழுக்கத் திறந்திருந்தது. கறி வெடித்தது. தெருவில் போன ஒரு பெண் நின்றாள்.

"ரோஸ்லினு, என்னடி மணக்குது?"

"பன்னிடி! வாரியா?" தெருக்கோடி வரைக்கும் கேட்கும்படி கத்தினார். அப்புறம் என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: "இதைச் சத்தமாச் சொல்லத்தான் புள்ள வீடு கட்டுனேன்." தோலை உடைத்து, வினிகரில் தோய்த்து, பூண்டுச் சோற்றின் மேல் வைத்துக் கொடுத்தார். நான் கடித்த சத்தத்தைக் கேட்டுச் சிரித்தார்.

செய்தி வந்த அன்று நான் போய்ச் சேர்ந்தபோது, கூரை இருந்த ஒரே இடம் என்பதால் அக்காவை அடுப்படியில்தான் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் மெழுகுவர்த்தி. காலடியில் அவருடைய அடுப்பு. சாவு வீட்டில் அடுப்புப் பற்றவைக்கக்கூடாது என்று சிலிண்டரைக் கழற்றி வெளியே வைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டிலிருந்து வந்த இட்லி, தூக்குச்சட்டியில் அப்படியே இருந்தது. செபமாலை சொல்லிக்கொண்டிருந்த உறவுக்காரப் பெண் ஒருவர் ஈ மொய்க்கிறது என்று ஜன்னலைச் சாத்த எழுந்தார்.

"சாத்தாதீங்க" என்றேன். தம்பியும் சொன்னார்: "தெறந்தே கெடக்கட்டும் சித்தி. அதுக்காகத்தான் அக்கா வச்சுச்சு."

அவருடைய குக்கர் மூடியைத் தம்பி எனக்குக் கொடுத்தார். அதன் உட்புறம் எண்ணெய் தெறித்த கறை இன்னும் இருக்கிறது. அதைவிடப் பெரிதாக அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தத் தெருக்கோடிச் சத்தத்தை. இப்போது வாடகை வீடு பார்க்கப் போகும் இடங்களில், முன்பணம் பேசுவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: "நான் பன்றிக்கறி சமைப்பேன். ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் சமைப்பேன்."

இன்னும் வீடு கிடைக்கவில்லை.