நாம் என்று சொன்ன மேடை

வாசகரே, தீர்ப்பு வேண்டாம். சாட்சியாக மட்டும் நில்லுங்கள். அன்று நான் செய்தது இலக்கணப் பிழைதானா என்று நீங்களே பாருங்கள்.

தாம்பரத்தில் எங்கள் கிறிஸ்தவ சபையின் பேச்சுப் போட்டி. எனக்குப் பத்து வயது. கோப்பை எனக்கே என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. எகிப்தில் அடிமைகளாயிருந்த இஸ்ரவேலர் விடுதலையாகிப் புறப்பட்டபோது எகிப்தியரிடம் பொன்னும் வெள்ளியும் வாங்கிச் சென்றது நியாயமா என்பது தலைப்பு.

நாவலூர் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்த்த சித்தப்பாவிடம் போனேன். அவரோடு தினமும் வீடியோ காலில் பேசும் அமெரிக்க சகா ஒரு யூதர்.

"அது கூலிடா. தலைமுறை தலைமுறையா குடுக்காத கூலி," என்றார் சித்தப்பா. "எகிப்துலேர்ந்து விடுதலையானத கொண்டாடற பஸ்கா பண்டிகைன்னா அவங்க வீட்ல இதே சண்டைதானாம். 'அன்னிக்கு நாம வாங்கினோம்ல, இன்னிக்கு அமெரிக்காவுல கறுப்பின மக்கள் அடிமைக் காலத்துக்கு ஈடு கேக்கறப்போ, நாமளும் கூட நிக்கணும்'னு இவர் சொல்வார். 'நாம அப்புறமா கப்பல்ல வந்தவங்க, நாம யாரையும் அடிமையா வெக்கல, நமக்கென்ன'ன்னு அவங்க அப்பா கேப்பார்."

"யார் ஜெயிப்பாங்க சித்தப்பா?"

"சாப்பாடு ஆறிப்போறதுதான் மிச்சம். ஆனா ஒண்ணு. 'அடிமையா இருந்தாங்க'ன்னு ரெண்டு பேருமே சொல்ல மாட்டாங்க. 'இருந்தோம்'னுதான் சொல்லணும். அது அவங்க வழக்கம்."

அந்த வழக்கம் மேடைக்கென்றே பிறந்ததாக எனக்குப் பட்டது. 'நாங்கள்' என்பதைவிட 'நாம்' அரங்கை நிறைக்கும் என்றும் கணக்கிட்டேன். கையை உயர்த்தி முழங்கினேன்: "நாம் அடிமைகளாக இருந்தோம். நாம் அறுத்த செங்கல்லுக்கு நமக்குக் கூலி வந்தது."

கைதட்டல் வரவில்லை. நடுவராயிருந்த சபை மூப்பர் கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, நாம்னா நானும் சேர்த்தியாச்சே. எங்க குடும்பத்துல யாரும் அடிமையா இருந்ததில்லப்பா. நாங்கள்னு சொல்லு, சரியா இருக்கும்."

சிலர் சிரித்தார்கள். பின்வரிசையில் அப்பா எழுந்து நின்றார். கடைசிவரை உட்காரவில்லை.

விவாதத்தில் விட்டுக்கொடுக்க எனக்குத் தெரியாது. "நீங்களும் இருக்கணும் ஐயா," என்றேன். "நாங்க மட்டும்னா, கூலிய யார் குடுக்கறது?"

சிரிப்பு நின்றது. கோப்பை வேறொருவருக்குப் போயிற்று.

கூடுவாஞ்சேரியில் மூப்பரின் முன்னோருடைய வயலில்தான் என் முப்பாட்டனார் கூலியில்லாப் பண்ணையாளாக இருந்தார். அந்த வயல் பின்னாளில் மனைமனையாக விற்கப்பட்டது. அன்று அரங்கில் இதை அறியாதவன் நான் ஒருவன்தான்.

ஜி.எஸ்.டி. சாலை சிக்னலில் பைக்கை நிறுத்திய அப்பா, திரும்பாமலே சொன்னார்: "நாங்கள்னே சொல்லியிருக்கலாம்டா."

கோப்பை போன வருத்தம் என்றே எண்ணினேன். அவரைத் தேற்றுவதற்காக, ஹாரன் சத்தத்தை மீறி உரக்க வாக்குக் கொடுத்தேன்:

"அடுத்த வருஷமும் நாம்னுதான்ப்பா சொல்வேன். அவரையும் சேர்த்து."