மரண விதி: மறுபடியும் திருத்தம்

போன வாரம் அரியாங்குப்பத்தில் ஒரு மருந்துக்கடை வாசலில், உச்சி வெயிலில், கையில் ஒரு பிரின்ட் அவுட்டோடு நின்றுகொண்டிருந்தேன். மருந்துச் சீட்டு என்று நினைத்து ஒரு பெரியவர் வழிவிட்டார். அதில் நான் எழுதியிருந்ததோ, ஓர் ஆள் எப்போது சாகலாம், எப்போது சாகக் கூடாது என்று.

பதறாதீர்கள். எல்லாம் ஒரு விளையாட்டுக்காக.

ஞாயிறு மதியம் மூலக்குளத்தில் என் வீட்டு டைனிங் டேபிளைச் சுற்றி உட்கார்வோம். ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரம். கதையை நான் நகர்த்துவேன். என்ன செய்வது என்று அவரவர் சொல்ல வேண்டும். செய்தது பலித்ததா என்பதை டைஸ் சொல்லும். இதற்கான விதிகளை எழுதியவள் நான். அதுதான் என் கிரகம்.

விளையாட வருபவர்கள் மூன்று பேர். ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் பார்க்கும் தயாளன். பிரெஞ்சு டியூஷன் எடுக்கும் மதலேன். பிறகு, இந்த மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பிரபா.

பிரபாவின் பாத்திரத்துக்குப் பெயர் மரகதம். தீவு தீவாகக் கடிதம் கொண்டுபோகும் தபால்காரி. ஒரு வருஷத்துக்கும் மேலாக பிரபா அவளை வளர்த்து வந்தாள். சென்ற மாதம் கொள்ளைக்கூட்டம் துரத்த, மற்ற இருவரும் தொங்குபாலத்தைத் தாண்டும்வரை மரகதம் நின்று மறித்தாள். கடைசியில் கயிற்றை அறுத்துவிட்டுத் தாவினாள். டைஸில் ஒன்று விழுந்தது. என் விதிப்படி ஒன்று விழுந்தால்... முடிந்தது கதை.

அன்று சாயங்காலம் வாட்ஸ்அப் குரூப்பில் பிரபா ஒரே வரி போட்டாள். மரண விதி ரொம்ப மோசம். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை.

சரி, விதிதானே, திருத்தினால் போச்சு என்று எல்லோரிடமும் கருத்துக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

ஒரு வாய்ப்புக்குப் பதில் மூன்று வாய்ப்பு என்று மாற்றினேன். சாவு பயமே போய்விட்டது என்று தயாளன் நீளமாக ஒரு வாய்ஸ் நோட் அனுப்பினார். அவர் சொன்னது சரிதான். மதலேனின் பாத்திரம் படிக்கட்டு இருக்கும்போதே மாடியிலிருந்து குதித்தது. காயத்துக்குப் புள்ளி, புள்ளிக்குக் கழித்தல் என்று மறுபடி மாற்றினேன். தயாளனுக்குப் பரம சந்தோஷம். மதலேன் ஒரு பக்கம் படித்துவிட்டு 'கொம்ப்ளிக்கே' என்று பேப்பரைத் தள்ளி வைத்தாள். பிரெஞ்சில் சொன்னாலும் சிக்கல் சிக்கல்தானே? சுலபமாக்கினால் சப்பென்று இருக்கிறது. சப்பென்று இருக்கிறதே என்று கூட்டினால் தலை சுற்றுகிறது. ஒரே விதியை ஒருவர் கொடூரம் என்கிறார், இன்னொருவர் செல்லம் கொடுக்கிறது என்கிறார். நான் யாரைக் கேட்பது?

பிரபாவுக்குப் போன் செய்தால், வேலை இருக்கிறது என்று வைத்துவிடுகிறாள். அதனால்தான் அந்த வெயிலில், பாலத்து டிராஃபிக்கில் ஊர்ந்து, அரியாங்குப்பம் போனேன்.

பிரபா பேப்பரை வாங்கிப் பொறுமையாகப் படித்தாள். நடுவில் ஒருவருக்குச் சளி மருந்து கொடுத்தாள். பிறகு மடித்து என்னிடமே நீட்டினாள்.

"நல்லாத்தான் இருக்குது. ஆனா அவ செத்ததுக்கா நான் கோச்சிக்கினேன்?"

பின்னே எதற்கு என்றேன். கொஞ்சம் கடுப்பாகத்தான் கேட்டேன். இரண்டு முறை முழுசாக மாற்றி எழுதியவள் வேறு எப்படிக் கேட்பாள்?

"அவுங்க ரெண்டு பேரையும் காப்பாத்திட்டுத்தான்க்கா அவ விழுந்தா. கீழகூடப் போய்ச் சேரல. அதுக்குள்ள தயாளன் சாரு, அவ பையில இருந்த சாமானெல்லாம் யாருக்குன்னாரு. மதலேன் பஜ்ஜி ஆறிப்போவுதுன்னாங்க. நீங்களும் அடுத்த சீனு ஆரம்பிச்சிட்டீங்க."

எனக்கு அந்த ஞாயிறு அப்படியே கண் முன்னால் வந்தது. தயாளன் அதைக் கேட்டது உண்மை. பையை அவருக்கே கொடுத்ததும் உண்மை.

பிரபா கவுன்ட்டரைத் துடைத்துக்கொண்டே, "ஒருத்தராவது, அய்யோ மரகதம் போயிட்டாளேன்னு சொல்லியிருக்கலாம்" என்றாள்.

சாம்பாரில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளுகிறவர்களுக்கெல்லாம் உப்புதான் பிரச்சினையா? புகார் ஒன்றாக இருக்கிறது, வலி வேறாக இருக்கிறது. நாமோ உப்பு டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம்.

வீட்டுக்கு வந்து, திருத்தம் அத்தனையையும் தூக்கிப் போட்டேன். ஒன்று விழுந்தால் சாவு, பழையபடி. கூடவே ஒரே ஒரு புது விதி — யாராவது செத்தால் ஆட்டம் நிற்கும். மிச்சமிருப்பவர்கள் செத்தவரைப் பற்றி ஆளுக்கொரு வார்த்தை சொன்ன பிறகுதான் அடுத்த காட்சி.

இந்த ஞாயிறு பிரபா வந்தாள். தாமதமாகத்தான், ஆனாலும் மரகதத்துக்குச் செய்தோம். எந்தத் தீவுக்குப் போனாலும் அங்கே அவளைத் தெரிந்தவர் ஒருவர் இருப்பார், இனி நாம் அந்நியர்கள் என்றாள் மதலேன். எல்லாவற்றிலும் குறை கண்டுபிடிக்கும் தயாளன் பேப்பரைக் கவிழ்த்து வைத்தார்.

"அவ காவலுக்கு நின்னா நான் நிம்மதியா தூங்குவேன்" என்றார். "அந்தப் பைய நான் கேட்டிருக்கக் கூடாதும்மா."

பிரபா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்புறம் அவளே ஒரு வெள்ளைத் தாளை இழுத்து, புதுப் பாத்திரத்துக்குப் பெயர் யோசிக்க ஆரம்பித்தாள். அப்பாடா என்று இருந்தது எனக்கு.

அரை மணி நேரம் ஆகியிருக்காது. உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாத மதலேனின் பாத்திரம், சம்பந்தமே இல்லாமல் ஒரு முதலையின் வாயில் தலையை விடப் போனது. ஏன் என்று கேட்டேன்.

"நீங்கள்லாம் என்னப் பத்தி என்ன சொல்லுவீங்கன்னு பாக்கலாம்னுதான்."

விதியை மறுபடி திருத்த உட்கார்ந்திருக்கிறேன்.