ஓரத்தில் போட்ட திரி

பரஹோனா ஊர்ச் சந்தை முனையில் கூலிக்கு ஆள் ஏற்றும் பைக்காரர்கள் இருபத்துமூன்று பேர். அதில் பெண் ஒருத்திதான், நூரிஸ். வேலை பார்த்த வாழைக்காய் மண்டியை இழுத்து மூடிய வருஷம், செத்துப்போன புருஷனின் பைக்கை எடுத்துக்கொண்டு வந்து வரிசையில் நின்றாள். அன்று விசிலடித்தவர்கள் ஏழு வருஷம் கழித்து இன்று அக்கா என்கிறார்கள். ஆனால் சங்கக் கூட்டத்தில் அவள் வாயைத் திறந்தால் மட்டும் அத்தனை பேருக்கும் காது அடைத்துக்கொள்ளும்.

திங்கட்கிழமை அவளுடைய பின் டயரில் ஆணி ஏறியது. பங்ச்சர் கடை டூலியோ ஆணியைப் பிடுங்கி, பிசின் தடவிய ரப்பர் திரியை ஊசியால் உள்ளே திணித்து, நீட்டிக்கொண்டிருந்ததை வெட்டிவிட்டு, எச்சில் தொட்டு வைத்துப் பார்த்தான். குமிழி வரவில்லை.

"காத்து நிக்குது. ஆனா நடுவுல இல்லக்கா, ஓரத்துல ஏறியிருக்கு. டயர் மடங்கி நிமிர்ற எடம். தனியா, மெதுவா ஓட்டிக்க. பின்னாடி ஆள் ஏத்தாத."

"அப்ப ஓரத்துல திரி போட்ட மத்தவனுங்கள மட்டும் ஏன்டா போ போன்னு அனுப்புற?"

"அவனுங்க எங்கக்கா கேக்குறானுங்க? பைக்க விட்டே எறங்குறதில்ல."

அவள் வண்டிக்கான டயர் ஊரில் எந்தக் கடையிலும் இல்லை. தலைநகரிலிருந்து சனிக்கிழமை பஸ்ஸில் வரும் என்றார்கள். சொல்லி வைத்துவிட்டாள். இடையில் இருப்பது நாலே நாள். அந்த நாலு நாளைத் தள்ளுவதுதான் பெரும்பாடாகிவிட்டது.

ஸ்டாண்டில் ஒரு சட்டம் உண்டு. தன் முறை வரும்போது சவாரியை விட்டால் ஒரு தப்பு. வராமல் போனாலும் தப்புதான். மூன்று தப்பு சேர்ந்தால் எண் போட்ட கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்ட வேண்டும், அப்புறம் அந்த முனையில் பிழைப்பு கிடையாது. காய்ச்சலுக்கு மன்னிப்பு உண்டு. சேவல் சண்டைக்குப் போனால்கூட உண்டு. டயர் சரியில்லை என்பதற்கு மட்டும் கிடையாது. எப்படி இருக்கும்? சட்டம் எழுதியவர் சங்கத் தலைவர் மெலானியோ. அவருடைய பின் டயர் ஓரத்திலேயே மூன்று திரி.

செவ்வாய்க்கிழமை காலை நூரிஸின் முறைக்கு வந்தவள் ஒரு கர்ப்பிணி. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

"என் டயர் ஓரத்துல திரி போட்டிருக்கும்மா. நீ அடுத்த வண்டியில ஏறிக்க" என்றாள் நூரிஸ்.

அந்தப் பெண் அடுத்த வண்டிக்குப் போனாள். போனவள் சும்மா ஏறவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து அந்த டயரையும் பார்த்தாள். மெலானியோவுக்குப் பற்றி எரிந்தது அங்கேதான்.

"சவாரிய விட்டா விட்டுத் தொலை. டயர் கதையெல்லாம் அவங்ககிட்ட எதுக்குச் சொல்ற? நாளைக்கு வர்றவங்கெல்லாம் குனிஞ்சு பாத்தா நாங்க பொழைக்கிறதா வேண்டாமா?"

"பாக்கட்டுமே தலைவரே. உக்காரப் போறது அவங்கதானே?"

"திரியோடவே நான் மலை ஏறி எறங்குனவன். ஒனக்கு வந்திருக்கறது பொம்பள பயம்."

எல்லோரும் சிரித்தார்கள். ஒன்பதாம் எண்காரனும் சிரித்தான், அதுதான் கொடுமை. போன வருஷம் ஆஸ்பத்திரி ஏற்றத்தில் இவன் டயர் ஓரத்துத் திரி பிடுங்கிக்கொண்டுதான், பின்னால் உட்கார்ந்திருந்த தேங்காய்க்காரம்மாவுக்கு இடுப்பு முறிந்தது. அந்தம்மா இன்னும் எழுந்து நடக்கவில்லை. ரோட்டில் மணல் கிடந்தது என்று சங்கத்தில் பேசி முடித்தார்கள். மணலாம்! இருபத்துமூன்று பேர் போகிற ரோட்டில் இவன் ஒருத்தனுக்கு மட்டும் மணல்.

பத்து மணிக்குள் நூரிஸ் மூன்று சவாரியை விட்டுவிட்டாள். மெலானியோ கையை நீட்டினார். அவள் கோட்டைக் கழற்றி அந்தக் கையில் வைத்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. இவர்கள் முன்னால் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு பைக் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பன்னிரண்டு மணிக்கு மெலானியோ அவளிடம் வந்தார். அவருடைய மகள் டாரியேலாவைத் தினமும் பள்ளியிலிருந்து கூட்டி வருவது நூரிஸ்தான். பொம்பளைப் பிள்ளைக்குப் பொம்பளை வண்டிதான் சரி என்று அவரே ஏற்பாடு செய்தது.

"கோவத்த எம் மேல காட்டு, பாப்பா மேல காட்டாத. போய்க் கூட்டிட்டு வந்துரு."

"வர்றேன். ஆனா ஓரத்துல திரி போட்ட டயரு. பரவால்லயா?"

காலையிலிருந்து அதே டயருக்காகத்தான் அவர் கத்தியிருக்கிறார், இருந்தும் மகள் அதன் மேல் உட்காரப் போகிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

"வேணாம்" என்றார்.

"ஏன் தலைவரே? இங்க இருபத்திரண்டு வண்டி நிக்குது. ஒங்க வண்டியே நிக்குது, மலை ஏறி எறங்குன வண்டி! ஏத்திட்டு வாங்களேன்!"

மெலானியோ வரிசையைப் பார்த்தார். ஓரத்தில் திரி இல்லாத பின் டயர் அதில் ஒன்றுகூட இல்லை, அது மற்ற எல்லோரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும். தொப்பியைச் சரிசெய்துகொண்டு பள்ளிக்கூடம் பக்கம் நடந்தே போனார்.

நூரிஸ் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆக, இந்த ஆளுக்குத் தெரியும். பொம்பளை பயம் என்று கேலி செய்ததும் எல்லாம் தெரிந்தேதான். தன் பிள்ளையை உட்கார வைக்காத டயரில் ஊரார் பிள்ளைகளை வருஷக்கணக்காக ஏற்றி அனுப்பியிருக்கிறார். காறித் துப்பினால்கூட ஆத்திரம் தீராது.

அரை மணி நேரம் கழித்து வெயிலில் வேர்த்து ஊற்ற, மகளின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் திரும்பி வந்தார். ஸ்டாண்டைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போக வேண்டும். டாரியேலா நின்றுவிட்டாள்.

"அப்பா, ஒங்க பைக் இங்கயே நிக்குதே! எதுக்கு என்ன இவ்ளோ தூரம் நடக்க வச்சீங்க?"

மெலானியோ அவள் கையை இழுத்துக்கொண்டு வேகமாக நடந்தார்.

ஒன்பதாம் எண்காரனின் பின்னால் ஒருத்தி கைக்குழந்தையோடு ஏறி உட்கார்ந்திருந்தாள். அவன் வண்டியைக் கிளப்பினான்.

"நிறுத்துப்பா, நான் எறங்கிக்கறேன்" என்றாள் அவள், குனிந்து பின் டயரைப் பார்த்தபடி.

"ஏம்மா, என்னாச்சு?"

"ஒங்க தலைவரே பிள்ளைய நடத்திக் கூட்டிட்டுப் போறாரு."